இடது பக்கம் கொஞ்சம் இறங்கிய படகு

"இடது பக்கம் கொஞ்சம் எறங்கின மாதிரி இருக்கு சம்பந்தி."

சொன்னவர் வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். இரண்டடி பின்னால் போனார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து மறுபடியும் பார்த்தார். பிறகு, மருந்துக்கடைக்காரரின் மனைவி நீட்டிய டீயை நின்றபடியே குடித்துவிட்டு, "சரி, நடையைப் பாதியில விட்டா முழங்கால் கேக்காது" என்று கிளம்பிவிட்டார்.

மருந்துக்கடைக்காரர் கூடத்தின் நடுவில் அப்படியே உட்கார்ந்திருந்தார். எதிரே இரண்டு முக்காலிகளின் மேல் அவருடைய படகு. சரியாகச் சொன்னால், படகாகப் போகிற ஒன்று.

பெட்டியில் வந்த படகு அது. பலகைகளை அளவாக அறுத்து, ஓரமெல்லாம் துளை போட்டு அனுப்பியிருந்தார்கள். துளைக்குத் துளை செப்புக் கம்பியைக் கோத்து முறுக்கினால் பலகைகள் வளைந்து வடிவத்துக்கு வந்துவிடும். மூட்டுகளில் பசை பூசி, காய்ந்ததும் கம்பியை உருவிவிட்டு வார்னிஷ் அடித்தால் வேலை முடிந்தது. கூடவே வந்த புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. டாக்டர்களின் கையெழுத்தைப் படித்தே வயதானவருக்கு அச்சடித்த புத்தகம் எம்மாத்திரம்.

எதற்குப் படகு என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவர் ஒரே பதில்தான் வைத்திருந்தார். "நாள் பூரா கடையில நிக்கிறேன். நின்னா, ஒருத்தர் மாத்தி ஒருத்தர் அவங்க வயித்தைப் பத்தியே சொல்றாங்க. ஏரிக்கு நடுவுல போய் உக்காந்தா யாரும் வந்து வயித்தைப் பத்திச் சொல்ல மாட்டாங்க பாருங்க."

அதில் நியாயம் இருப்பதாகவே எல்லாருக்கும் பட்டது. அவர் மனைவிக்கும்கூட. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சரான அவர், கேட்டது ஒன்றே ஒன்றுதான். "கட்டி முடிச்சப்புறம் கதவு வழியா வெளிய போகுமா? அதை மட்டும் சொல்லுங்க." இருவருமாக நாடாவைப் பிடித்து அளந்தார்கள். போகும். இரண்டு பக்கமும் விரல் நுழையும் அளவுக்கு இடமும் இருக்கும். கணக்கு டீச்சர் அதோடு படகைப் பற்றிக் கவலைப்படுவதை விட்டுவிட்டார்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, சம்பந்தி வரும்வரை.

மகளுக்கு அப்போதுதான் கல்யாணம் பேசி முடித்திருந்தது. மாப்பிள்ளையின் அப்பா கப்பலில் இருந்து ஓய்வு பெற்றவர். பயணிகள் கப்பல். உலகத்தைப் பல தடவை சுற்றி வந்தவர் என்று சொன்னார்கள். அதற்குமேல் விவரம் கேட்க மருந்துக்கடைக்காரருக்குக் கூச்சமாக இருந்தது. ஒரே ஒரு தடவை, சாப்பாட்டுக்கு நடுவில், பட்டும் படாமலும் கேட்டார். "கப்பல்ல உங்களுக்கு எந்தப் பக்கம் வேலை சம்பந்தி?"

"பெரும்பாலும் மேல்தளம்தான்" என்றார் சம்பந்தி. "விசேஷ நாள்ல கேப்டன் பக்கத்துலயே நிக்க வேண்டி வரும். அவரு நகர்ந்தா நானும் நகரணும்."

அதோடு மருந்துக்கடைக்காரருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கேப்டனுக்கு அடுத்த ஆள். அப்படிப்பட்டவர் இப்போது இரண்டு தெரு தள்ளி வீடு பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார். மாலை நடைக்கு இந்தத் தெரு வழியாகத்தான் போகிறார். கூடத்தில் அரைகுறையாக நிற்கிறது ஒரு படகு.

"எறங்கியிருக்காம்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

மனைவி உள்ளே போய் ரசமட்டத்தை எடுத்துவந்து படகின் குறுக்கே வைத்தார். "குமிழி நட்ட நடுவுலதான் நிக்குது. பாருங்க."

"குமிழிக்கு என்ன தெரியும்? அது என்னைக்காவது கடலுக்குப் போயிருக்கா?"

"முக்காலி ஒண்ணு தாழ்வா இருந்திருக்கும். அவரு நின்ன இடத்துலேர்ந்து பாத்தா அப்படித் தெரியும்."

"கப்பல்ல இருந்தவரு கண்ணு அது. நமக்குத் தெரியாதது அவருக்குத் தெரியும்."

அவர் இடது பக்கக் கம்பிகளையெல்லாம் அறுத்தார். பலகையை ஒரு விரல் உயரத்துக்குத் தூக்கி, மறுபடி துளை போட்டுக் கோத்தார். தூக்கியதில் அடியில் நீளமாக ஒரு சந்து விழுந்தது. அதைப் பசையில் மரத்தூளைக் குழைத்து அடைத்தார். இப்போது ரசமட்டத்தின் குமிழி ஒரு ஓரமாகப் போய் ஒட்டிக்கொண்டது. அதை அவர் மேஜை இழுப்பறையில் போட்டு மூடினார்.

அடுத்த முறை சம்பந்தி வந்தபோது இடது பக்கத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. அதுவே பெரிய பாராட்டாக இருந்தது. ஒரு கண்ணை மூடினார். முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து, கீழே இருந்து மேலாகப் பார்த்தார்.

"மூக்கு இன்னும் கொஞ்சம் தூக்கலா இருந்தா கம்பீரமா இருக்கும்" என்றார்.

"தூக்கிடலாம் சம்பந்தி."

"தூக்கினா நல்லாத்தான் இருக்கும். ஆனா உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

"சிரமமா? இதுல என்ன சிரமம்."

பெட்டியில் வந்த பலகைகளில் மூக்கைத் தூக்க உபரி ஒன்றும் இல்லை. மருந்துக்கடைக்காரர் வீட்டைச் சுற்றி வந்தார். சமையலறையில் டப்பாக்கள் அடுக்கியிருந்த தட்டுப்பலகை நல்ல காய்ந்த மரம். மனைவி பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பியபோது டப்பாக்கள் ஜன்னல் ஓரத்தில் வரிசையாக நின்றன. பலகை படகின் மூக்காகியிருந்தது.

"என்னங்க இது?"

"வேற பலகை வாங்கித் தந்துடறேன். இப்ப பாரேன், எவ்வளவு கம்பீரமா இருக்கு."

கம்பீரமாகத்தான் இருந்தது. ஏதோ கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதுபோல மூக்கை நிமிர்த்திக்கொண்டு நின்றது. கணக்கு டீச்சர் அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தார். நாடாவை எடுக்க எழுந்து, வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டார். தெரிந்துகொண்டு ஆகப்போவது ஒன்றுமில்லை.

வெளியூரில் வேலை பார்க்கும் மகள் அன்றைக்குப் போன் செய்தாள்.

"உன் மாமனார் அப்பப்ப வந்து படகைப் பாத்து யோசனை சொல்றாரும்மா" என்றார் அப்பா.

"அப்படியா? அவரு சொன்னா அப்படியே கேட்டுக்குங்கப்பா. அவரு கண்ணு அப்படி. அவர் பாத்துச் சொன்னா தப்பாவே இருக்காது."

மருந்துக்கடைக்காரர் மனைவி பக்கம் திரும்பி, கேட்டாயா என்பதுபோலப் புருவத்தைத் தூக்கினார்.

மூன்றாம் முறை சம்பந்தி தம் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். சம்பந்தியம்மா அதிகம் பேசாதவர். வந்ததும் நேரே சமையலறைக்குப் போய்க் கணக்கு டீச்சரோடு சேர்ந்துகொண்டார். சம்பந்தி மட்டும் கூடத்தில் நின்றார். அன்றைக்கு அவர் முகம் அவ்வளவு திருப்தியாக இல்லை.

"முன்பக்கம் பிரமாதம்" என்றார். "ஆனா பின்னாடிதான் ஒரே அடைசலா இருக்கு."

படகுக்குப் பின்னால் துணி காயப்போடும் ஸ்டாண்டு நின்றது. அதில் போர்வைகள் தொங்கின. பக்கத்தில் பழைய பேப்பர் கட்டு, ஒரு சைக்கிள், மடித்து வைத்த இஸ்திரி மேஜை. மருந்துக்கடைக்காரரின் கண்ணில் அவை எதுவும் படவில்லை. அவர் படகின் பின் இருக்கையை மட்டும்தான் பார்த்தார். அகலமான இருக்கை. ஆமாம், அடைசல்தான். இத்தனை நாள் தனக்கு இது தெரியாமல் போனதே என்று இருந்தது.

"எடுத்துடறேன் சம்பந்தி."

"எடுத்துட்டா நிம்மதி" என்றார் சம்பந்தி, ஸ்டாண்டில் தொங்கிய போர்வையைப் பார்த்தபடி.

மறுநாளே இருக்கையை ரம்பத்தால் அறுத்து எடுத்தார். எடுத்த பிறகுதான் தெரிந்தது, படகின் இரண்டு பக்கங்களையும் பிடித்துக்கொண்டிருந்ததே அந்த இருக்கைதான் என்று. 'டொக்' என்று ஒரு சத்தம். பின்பக்கம் வாயைத் திறந்த பைபோல விரிந்துவிட்டது. கொடிக்கயிற்றைக் குறுக்கே கட்டி இழுத்தார். கயிறு தொய்ந்தது. ஜன்னல் திரையின் கம்பைக் கழற்றி, அளவாக அறுத்துக் குறுக்கே முட்டுக் கொடுத்தார். அது நின்றது. ஆனால் படகு இப்போது பழையதைவிட ஒரு சாண் அகலம். ஜன்னலுக்குத் திரையும் இல்லை. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்களில் இரண்டு பேர், பார்த்ததோடு நிற்காமல், ஜன்னல் வழியாகவே தங்கள் வயிற்றைப் பற்றியும் கேட்டுவிட்டுப் போனார்கள்.

"பேசாம நேரா கேட்டுடுங்களேன்" என்றார் மனைவி. "கப்பல்ல என்னவா இருந்தீங்க, படகு கட்டற வேலை தெரியுமா, ரெண்டே கேள்வி."

"கேக்கறதா? சம்பந்தியை நிக்கவச்சு பரீட்சை வைக்கச் சொல்றியா? உன் பழக்கம் உன்னை விட்டு எங்க போகும்."

"இது எங்க போய் முடியப்போகுதோ."

"ஏரியில" என்றார் அவர், கொஞ்சமும் சந்தேகமில்லாமல்.

உண்மையில் அவருக்கு இதெல்லாம் பிடித்திருந்தது. கடையில் அவர் சொல்வதற்குத்தான் எல்லாரும் தலையாட்டுவார்கள். இன்னொருவர் சொல்ல, தான் தலையாட்டி, அதைக் கையால் செய்து முடிப்பதில் ஒரு சுகம் இருந்தது. விரலெல்லாம் பசை. முடியில் மரத்தூள். கடைக்கு வந்த ஒரு அம்மாள், "உங்க மேல புது மர வாசனை வருது, நல்லா இருக்கு" என்றாள். அதை அவர் வீட்டுக்கு வந்து இரண்டு தடவை சொன்னார்.

வார்னிஷ் அடித்த அன்று படகு கண்ணாடிபோல மின்னியது. சம்பந்தி வந்தார், பார்த்தார், கையைத் தூக்கிக் கண்ணை மறைத்துக்கொண்டார்.

"கூசுது சம்பந்தி. இவ்வளவு பளபளப்பு ஆகாது. வெயில் பட்டா ஒண்ணுமே தெரியாது."

அவ்வளவு வார்னிஷையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்தார் மருந்துக்கடைக்காரர். கூடம் முழுக்கத் தூள் பறந்தது. கணக்கு டீச்சர் தும்மிக்கொண்டே விடைத்தாள் திருத்தினார். அந்த வகுப்பில் அந்தத் தடவை பலர் தேறினார்கள்.

பிறகு ஒரு நாள் சம்பந்தி, கிளம்பும்போது வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே கேட்டார்.

"ஆமா, துணி எடுத்தாச்சா?"

மருந்துக்கடைக்காரர் விழித்தார். "துணியா?"

"எடுக்கணும்ல. நல்ல நிறமா, லேசா இருக்கணும். காத்துல கொஞ்சம் பறக்கற மாதிரி. அப்பத்தான் அழகு."

சம்பந்தி போனதும் அவர் படகைச் சுற்றிச் சுற்றி நடந்தார். "பாய்" என்றார் கடைசியில்.

"யாரு?" என்றார் மனைவி.

"பாய்மரம். காத்துல பறக்கற துணி. இதுக்குப் பாய் கட்டணும்ங்கறாரு."

"இது துடுப்புப் போடற படகுங்க. புத்தகத்துல படமே போட்டிருக்கு."

"புத்தகம் எழுதினவன் கடலைப் பாத்திருக்கானோ என்னவோ."

திரைக்கம்பின் மிச்சத் துண்டு பாய்மரம் ஆனது. ஜன்னலுக்குப் பயனில்லாமல் மடித்து வைத்திருந்த திரைத்துணி பாய் ஆனது. மஞ்சள் நிறம், சின்னச் சின்னப் பூ. சம்பந்தி அதைப் பார்த்துவிட்டு முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தார். "இது நான் எதிர்பாக்கவே இல்ல. ரொம்ப நல்லா இருக்கு." மருந்துக்கடைக்காரர் அன்றைக்குச் சாப்பிடும்போது தானாகவே சிரித்துக்கொண்டிருந்தார்.

படகை வெளியே எடுக்கும் நாள் வந்தது. கதவு வழியாகப் போகாது என்பது கூடத்தில் நுழைந்த எவருக்கும் தெரிந்தது. கதவைக் கழற்றினார்கள். போகவில்லை. நிலையைப் பெயர்த்தால் சுவரும் வரும் என்றார் மேஸ்திரி. கதவைவிட அகலமான கூடத்து ஜன்னல்தான் வழி. வெல்டிங்காரர் வந்து கம்பியை அறுத்தார். பாய்மரத்தைப் பிடுங்கிவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர்கள், மேஸ்திரி, மருந்துக்கடைப் பையில் மாத்திரையோடு போய்க்கொண்டிருந்த ஒருவர் என்று கிடைத்தவர்களெல்லாம் சேர்ந்து தூக்கினார்கள். படகு மூக்கை நிமிர்த்தியபடியே ஜன்னல் வழியாகத் தெருவுக்கு வந்தது.

தெருவில் சம்பந்தி நின்றுகொண்டிருந்தார். ஒரு கண்ணை மூடினார். பின்னால் போனார். ஒரு வண்டி ஹாரன் அடித்தது. அவர் நகரவில்லை.

"இப்பத்தான் சம்பந்தி சரியா இருக்கு" என்றார். "வீட்டுக்குள்ள வச்சு எனக்குச் சரியாவே தெரியலை."

மருந்துக்கடைக்காரர் படகின் மூக்கை ஒரு தடவை தடவிக்கொடுத்தார்.

"ஏரிக்குக் காலையிலேயே போயிடணும்" என்று சம்பந்தியே திட்டம் போட்டார். "வெயில் ஏறிட்டா ஒண்ணும் சரிவராது. பிள்ளைங்க ரெண்டு பேரும் லீவு போட்டு வரட்டும். முதல்ல அவங்கதான் உக்காரணும்."

"முதல்ல நான் ஒரு தடவை உக்காந்து பாத்துடறேனே சம்பந்தி. அவங்க ரெண்டு பேரும் நமக்கு..."

"நீங்க எதுக்கு? அவங்க உக்காந்தாத்தான் அர்த்தம்."

வீட்டுக்குள் வந்ததும் அவர் மனைவியிடம் மெதுவாகச் சொன்னார். "ஒரே பையன். அவனை நான் கட்டின படகுல முதல்ல உக்காரச் சொல்றாரு. இதுக்கு மேல ஒரு மனுஷனுக்கு என்ன மரியாதை வேணும், சொல்லு."

கணக்கு டீச்சர் மறுநாள் பையில் இரண்டு துண்டும் மாற்றுத்துணியும் ஒரு பெரிய டம்ளரும் எடுத்து வைத்துக்கொண்டார்.

ஏரியில் காலை வெளிச்சம் சாய்வாக விழுந்திருந்தது. பாய்மரத்தை மறுபடி நட்டு, படகைத் தண்ணீரில் இறக்கினார்கள். மிதந்தது. மருந்துக்கடைக்காரர் அதை நம்ப முடியாமல், முழங்கால் ஆழத்தில் நின்று அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். மகள் முன்னால் ஏறினாள். மாப்பிள்ளை துடுப்போடு பின்னால் ஏறி, இருக்கை இல்லாததால் தரையிலேயே உட்கார்ந்தார். பூப்போட்ட பாய் காற்றில் லேசாகப் பறந்தது.

"அப்பா, இந்தப் பக்கம் தண்ணி வருது" என்றாள் மகள்.

தூக்கி அடைத்த அதே இடது பக்கம்தான். மெல்லக் கசிந்தது. கணக்கு டீச்சர் கரையிலிருந்து டம்ளரைக் கொடுத்தனுப்பினார். மகள் தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றினாள். ஊற்றும்போதே சிரிப்பு வந்துவிட்டது. மாப்பிள்ளையும் சிரித்தார். படகு இடது பக்கமாகக் கொஞ்சம் இறங்கி, நிமிர்ந்த மூக்கோடு, சாவகாசமாக நின்றது.

சம்பந்தி கரையில் ஒற்றை முழங்காலை ஊன்றி உட்கார்ந்து கையால் சைகை காட்டினார். "கொஞ்சம் இடது பக்கம் தள்ளுங்க சம்பந்தி. இன்னும். போதும். இப்ப பின்னாடி. இன்னும் பின்னாடி. அங்கயே நிறுத்துங்க."

மருந்துக்கடைக்காரர் இடுப்பளவு தண்ணீர்வரை போய், சொன்ன இடத்தில் சொன்னபடி நிறுத்தினார். உத்தரவுக்குக் கீழ்ப்படிவது இவ்வளவு நிறைவாக இருக்கும் என்று அவர் நினைத்ததில்லை.

"இப்ப கையை விட்டுட்டு நீங்க வெளிய வந்துடுங்க."

அவர் கையை விட்டார். படகு தானாக நின்றது. அவர் நனைந்த வேட்டியைப் பிழிந்துகொண்டே கரையேறி, சம்பந்தியம்மாவின் பக்கத்தில் வந்து நின்றார். கணக்கு டீச்சர் துண்டை அவர் தோளில் போட்டார். சம்பந்தி தம் பையைத் திறந்து, கறுப்பாகக் குழாய்போல ஒன்றை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார். தொலைநோக்கி, என்று நினைத்துக்கொண்டார் மருந்துக்கடைக்காரர். கடலில் இருந்தவர்களை அது விடாது.

"அனுபவம்னா அனுபவம்தான்மா" என்றார் சம்பந்தியம்மாவிடம். "அவரு மட்டும் இல்லேன்னா இந்தப் படகு எப்படியோ ஆகியிருக்கும். கப்பல்ல இருந்த காலத்துல எத்தனை புயல் பாத்திருப்பாரு, எத்தனை பேரைக் கரை சேத்திருப்பாரு."

சம்பந்தியம்மா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"புயலா? அவரு அங்க வர்ற பயணிகளைப் போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தாருங்க. கல்யாணப் பத்திரிகையில போட இவங்க ரெண்டு பேரையும் படகுல உக்காரவச்சு ஒரு படம் எடுக்கணும்னுதான் இத்தனை நாளா உங்க வீட்டுக்கு நடையா நடந்தாரு."